நாற்றுகளைத் தின்னும் நத்தைகளைத் தடுக்க வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். மழை தொடங்கியதிலிருந்து எங்கள் தோட்டத்தில் நத்தைகளும் ஓடில்லா நத்தைகளும் பெருகி, இரவில் வெளிவந்து, அவரை, முட்டைக்கோஸ் நாற்றுகளின் தளிர்களைத் தண்டுவரை தின்றுவிடுகின்றன. காலையில் இலைகளில் ஒழுங்கற்ற ஓட்டைகளும் மண்மீது பளபளக்கும் கோழைத் தடமுமே மிஞ்சுகின்றன.

மாலையில் நீர் ஊற்றுவதை நிறுத்திக் காலைக்கு மாற்றினேன். பாத்திகளுக்கு இடையே ஈரப் பலகைகளைப் போட்டு, விடிந்ததும் அவற்றின் அடியில் ஒதுங்கியிருப்பவற்றைப் பொறுக்கி அகற்றுகிறேன். ஓரளவு குறைந்தாலும், இளம் நாற்றுகள் இன்னும் தப்பவில்லை. உப்பு தூவுவது மண்ணையும் வேர்களையும் கெடுக்கும் என்பதால் அதை நான் விரும்பவில்லை. வீட்டில் நாய் இருப்பதால், நாய்களுக்குக் கடும் நஞ்சான, நத்தைகளைக் கொல்லத் தூவும் மெட்டால்டிஹைடு குருணைகளும் வேண்டாம்.

அவற்றுக்குப் பதிலாக, நத்தைகளைக் கொல்லும் இரும்பு பாஸ்பேட் குருணைகளைப் பயன்படுத்தியவர்கள், தொடர்மழையில் அவற்றை எத்தனை நாளுக்கு ஒருமுறை மீண்டும் தூவ நேர்ந்தது என்று சொல்ல முடியுமா? தொட்டிகளைச் சுற்றி ஒட்டும் செம்புப் பட்டை உண்மையிலேயே பயன் தருகிறதா? மண்ணுக்குள் கொத்தாக இடப்படும் முட்டைகளை, வேர்களைக் குலைக்காமல் அகற்றும் முறை தெரிந்தவர்கள் அதையும் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.