பையனோட நாயைப் பள்ளிக்கூடத்துக்குள்ள விட மாட்டேங்குறாங்க, சட்டம் என்ன சொல்லுது?

மண்டபம்_ஐஸ்கம்பெனி:
என் மகனுக்கு 8 வயசு, ஆட்டிசம். யூடிஐடி கார்டுல (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) பாதிப்பு 60 சதவீதம்னு போட்டிருக்கு. பள்ளிக்கூடம் அரசு உதவி பெறுறது. பின்பக்கக் காம்பவுண்டைத் தாண்டினா வலை காயப்போடுற மணல், அப்புறம் வடக்குக் கடல். போன வருசம் இன்டர்வெல் மணிச் சத்தத்துல காதைப் பொத்திக்கிட்டு ஓடுனவன் நேரா தண்ணிக்குள்ள இறங்கிட்டான். நண்டு வலை பிரிச்சுக்கிட்டிருந்த அக்கா ஒருத்தங்க சேலையோட இறங்கித் தூக்கிட்டு வந்தாங்க.

அதுக்கப்புறம்தான் லேப்ரடார் வாங்கி, மதுரையில ஒருத்தர்கிட்ட விட்டு 7 மாசம் பழக்குனோம். பேரு கப்பல். பையனோட இடுப்பு பெல்ட்டுக்கும் அதோட உடுப்புக்கும் ஒரு கயிறு. அவன் ஓடப் பார்த்தா கப்பல் அப்படியே உக்காந்துரும். 30 கிலோ, இழுக்க முடியாது. திருவிழா வேட்டுக்கே அசையல. ஹெச்எம் என்னடான்னா, "சுப்ரீம் கோர்ட்டே நாயை விரட்டச் சொல்லிருச்சு, நீங்க கூட்டிட்டு வாரீங்களே"ங்குறார். உண்மையா அண்ணே?

பரமக்குடி_வக்கீல்:
தம்பி, 2025 நவம்பர் 7 உத்தரவு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டுல சுத்துற தெருநாய் பத்தினது. உங்க கப்பலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அதுக்காக ஜெயிச்சாச்சுன்னு நினைக்காதீங்க. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல நாய்ங்கிற சொல்லே கிடையாது. நமக்குப் பிடி 16-வது பிரிவுதான்: அரசுப் பணமோ அங்கீகாரமோ வாங்குன பள்ளி, பிள்ளையோட தேவைக்கு ஏத்த நியாயமான வசதி செஞ்சு தரணும். "அளவுக்கு மிஞ்சின சுமை"ன்னா மறுக்க 2-வது பிரிவுல இடமிருக்கு, அவங்க அதைத்தான் பிடிப்பாங்க. மனுவை நாயில ஆரம்பிக்காதீங்க, கடல்ல ஆரம்பிங்க.

பாம்பன்_டெக்சாஸ்:
இங்க அமெரிக்காவுல அரசுப் பள்ளியில ரெண்டே கேள்விதான் கேக்கலாம்: மாற்றுத்திறனுக்காகத் தேவைப்படுற நாயா, என்ன வேலைக்குப் பழக்கியிருக்கு. சர்ட்டிபிகேட் கேக்கக் கூடாது. அலர்ஜி, பயம்னு தட்டிக்கழிக்கவும் முடியாது. ஆனா நாயைப் பாத்துக்கிறது டீச்சர் வேலை இல்ல. மிச்சிகன்ல ஒரு சிறுமியோட 'வொண்டர்'ங்கிற நாயைப் பள்ளி மறுத்து, 2017-ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வரைக்கும் போச்சு. அதுக்கு ரொம்ப முன்னாடியே பிள்ளையை வேற பள்ளியில சேர்த்துட்டாங்க. கேஸை நம்பி உக்காந்துராதீங்க.

கீழக்கரை_உம்மா:
அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நாய் எச்சில் பட்டா நாங்க ஏழு தடவை கழுவணும். என் மக அந்த வகுப்புல இருந்தா, நாய் எங்க உக்காரும்னுதான் முதல்ல கேப்பேன். கதவோரம், தனிச் சாக்கு, தனித் தண்ணிச் சட்டின்னு நீங்களே எழுதிக் குடுத்துருங்க. பாதிப் பேரு அதோட பேசாம இருந்துருவாங்க.

மண்டபம்_ஐஸ்கம்பெனி:
நியாயம்தான் தங்கச்சி, எனக்கு இது தோணவே இல்ல. முதல் ஒரு மாசம் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு வகுப்புல உக்கார என் மச்சினி வர்றேன்னுச்சு. ஊசி போட்ட அட்டை ஜெராக்ஸ் எடுத்தாச்சு. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போறேன். அங்க ஆகலைன்னா?

பரமக்குடி_வக்கீல்:
மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் ஒரு நகல் குடுத்து சீல் வாங்கிக்கங்க. அடுத்தது சென்னையில மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். அவர் பரிந்துரை எழுதுனா, என்ன செஞ்சோம்னு 3 மாசத்துக்குள்ள பதில் சொல்லியாகணும். அந்த நண்டு வலை அக்காகிட்ட எழுதி வாங்குனீங்களா?

மண்டபம்_ஐஸ்கம்பெனி:
அவங்களுக்குக் கைநாட்டுதான் அண்ணே.

பரமக்குடி_வக்கீல்:
போதும். வாசிச்சுக் காமிச்சுட்டு வாங்குங்க, பக்கத்துல ஒரு சாட்சி கையெழுத்தும்.