சாயப்பட்டறை ரசாயனங்கள்: தொழிலாளர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஸ்டோர்க்காரன், திருப்பூர்

ஒரு சாயப்பட்டறையில் கெமிக்கல் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் வெளிநாட்டு பையரின் (எங்களிடம் துணி வாங்கும் நிறுவனத்தின்) ஆடிட் வருகிறது. ரசாயனப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்ததற்கு ஆதாரம் வேண்டுமாம். வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். சென்ற முறை வெளியாள் ஒருவர் வந்து, திரையில் படம் காட்டி, தமிழும் ஆங்கிலமும் கலந்து ஒரு மணி நேரம் பேசினார். கேட்டவர்களில் பாதிப்பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு டீயும் பஜ்ஜியும் கொடுத்து அனுப்பினோம். ஃபைல் அழகாக இருக்கிறது. அதே வாரம், ஈரமே படக்கூடாத ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்) பொடி டிரம்முக்குள் ஈரக் குவளை கிடந்தது.

ஸ்டோரில் இருப்பவை: காஸ்டிக் சோடாச் செதில், 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, அசிட்டிக் ஆசிட், ஹைட்ரோஸ், சோடா ஆஷ், கொஞ்சம் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்), சாயப் பொடிகள். எல்லாவற்றுக்கும் 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தகவல் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. இவற்றை இந்தியில் மொழிபெயர்த்துச் சுவரில் ஒட்டினால் போதுமா? இன்னொரு சங்கடம்: எல்லாவற்றையும் சொன்னால் பயந்துபோய் வேறு பட்டறைக்கு ஓடிவிடுவார்கள் என்கிறார் முதலாளி.

பழைய சேஃப்டி ஆபீசர்

ஒட்ட வேண்டாம் தம்பி. 16 பகுதிகளையும் படித்து முடித்த தொழிலாளியை நான் எந்த மொழியிலும் பார்த்ததில்லை. அந்தத் தாளை நீங்கள் படியுங்கள். குறிப்பாக 4 (முதலுதவி), 7 (கையாளுதல், இருப்பு வைத்தல்), 8 (கையுறை, கண்ணாடி), 10 (எதனோடு சேரக்கூடாது). அவர்களுக்கு டிரம்மின் முன்னால் நின்று சொல்லுங்கள். ஷிப்ட் தொடங்கும்போது ஆறேழு பேரை நிறுத்தி, பத்து நிமிடம், ஒரு நாளைக்கு ஒரே ஒரு ரசாயனம்.

ஹைட்ரோஸில் தொடங்குங்கள். ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வரும் புகையில் கந்தக டை ஆக்சைடு இருக்கும். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி அணைக்கப் பார்த்தால் இன்னும் மோசமாகும். ஆகவே உலர்ந்த குவளை, அள்ளியதும் மூடி, புகை வந்தால் எல்லோரும் வெளியே. இவ்வளவுதான் பாடம்.

காஸ்டிக்கில் பலர் சொல்ல மறப்பது ஒன்று உண்டு. தோலில் பட்டதும் பெரும்பாலும் வலிக்காது, வழவழவென்றிருக்கும். கைலியில் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். துணியில் உள்ள காரத்தை அசிட்டிக் விட்டு முறிப்பதைத் தினமும் பார்ப்பவர்கள் ஆகையால், கையிலும் அதையே ஊற்றுவார்கள். கூடவே கூடாது. ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம். கண்ணில் பட்டால் அதே கழுவல், பிறகு தாமதிக்காமல் மருத்துவமனை. கரைக்கும்போது தண்ணீரில் செதிலைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். செதில்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

ஹைப்போவையும் அசிட்டிக்கையும் ஒரே அலமாரியில் வைத்திருந்தால் இன்றே பிரித்துவிடுங்கள். கலந்தால் குளோரின். இதைப் பயிற்சியில் சொல்வதைவிட இடத்தை மாற்றுவது மேல்.

டிரம்மில் லேபிள் இருக்கும், சரி. மெஷினுக்கு எதில் கொண்டுபோகிறார்கள்? பெயிண்ட் வாளியிலா? பெராக்சைடு பார்ப்பதற்குத் தண்ணீர் மாதிரியே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி நிற வாளி, வாளியில் பெயர், அபாயத்தைக் காட்டும் சிவப்புச் சாய்சதுரப் படம். பெராக்சைடு கேனின் காற்றுமூடியை மட்டும் யாரும் அடைத்துவிடக் கூடாது; உள்ளே அழுத்தம் ஏறும்.

முதலாளியின் பயத்துக்கு ஒரு வார்த்தை. இது அவர் மனம்வைத்துச் செய்யும் உபகாரம் இல்லை. போபாலுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 111-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள்: தன் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப் பெறுவது தொழிலாளியின் உரிமை. 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. என் காலத்தில் கூலி பாக்கிக்காக ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். காஸ்டிக் பற்றிக் கேட்டு ஓடியவரைப் பார்த்ததில்லை.

ஷிப்ட் மேஸ்திரி, ஈரோடு

இந்தி என்று முடிவுகட்டாதீர்கள் அண்ணா. ஒடிசாக்காரர்களில் பலருக்கு இந்தி பேச்சளவில்தான், படிக்க வராது. மூத்த தொழிலாளி ஒருவரைப் பிடித்து அவர் மொழியில் சொல்ல வையுங்கள். ஆனால் கான்ட்ராக்டரின் ஆளை மொழிபெயர்க்க நிறுத்த வேண்டாம். கூலியைப் பிடிப்பவர் எதிரில் யார் சந்தேகம் கேட்பார்கள்?

புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "கண்ணில் காஸ்டிக் பட்டுவிட்டது, என்ன செய்வாய், செய்து காட்டு" என்று சொல்லுங்கள். கண் கழுவும் குழாயின் முன்னால் துணி மூட்டை அடுக்கியிருந்தால் அதுவும் அப்போது தெரிந்துவிடும். கையெழுத்தை அதற்குப் பிறகு வாங்குங்கள்.

ஸ்டோர்க்காரன், திருப்பூர்

நன்றி. திங்கள்கிழமை ஹைட்ரோஸில் தொடங்குகிறேன். சாயப் பொடியை ஏழு நாள் பாடத்தில் கடைசியாக வைக்கலாமா?

ஈ.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய) ஆபரேட்டர்

கடைசியில் வேண்டாம். ரியாக்டிவ் சாயத் தூள் சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பும். எடை போடும் பையனிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

அதைவிட, உங்கள் பட்டியலில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. டிரம்மில் வராது, பில் கிடையாது, தகவல் தாளும் கிடையாது: கழிவுநீர்த் தொட்டியின் அடிச்சேற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை. அதிகமானால் மூக்கு மரத்து வாடையே தெரியாது. அந்த நேரத்தில்தான் "இப்போது பரவாயில்லை" என்று இறங்குவார்கள். உள்ளே விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் குதிப்பார், அவரும் விழுவார். வாயுவை அளந்து, தகுதியுள்ளவர் எழுத்தில் சான்று கொடுக்காமல் யாரும் இறங்கக் கூடாது. இறங்குபவர் இடுப்பில் கயிறு, மறுமுனை வெளியே ஒருவர் கையில்.

இந்தப் பாடத்துக்குத் தோட்டக்காரர், வாட்ச்மேன், டிரைவர் எல்லோரையும் கூப்பிடுங்கள். சத்தம் கேட்டு முதலில் ஓடி வருவது பெரும்பாலும் அவர்கள்தான்.