அழுவுறதா சிரிக்கிறதான்னு தெரியாத நாளு, உங்க வீட்டுல என்னா நடந்துச்சு?

ரெண்டு வாண்டு அம்மா, ஊத்தான் மெலிந்தாங்:
எச்எஃப்எம்டி, அதான் கை கால் வாயில கொப்புளம் வர்ற நோயி, அது பரவுதுன்னு தாடிகாவ (பாலர் பள்ளிய) மூடிட்டாங்க, ரெண்டும் வீட்டுல. வீட்டுக்காரரு லோரி எடுத்துக்கிட்டு மில்லுக்குப் போயிட்டாரு, கொழாயில தண்ணி வேற வரல. சின்னவ மைலோ டின்ன தரையில கவுத்து அதுமேலயே உக்காந்துட்டா. பெரியவன் சத்தமே இல்லையேன்னு ரூம்ல போயி பாத்தா தங்கச்சி துணிய எல்லாம் பிளாஸ்டிக் பையில அமுக்கி கட்டிக்கிட்டு இருக்கான், பம்பர்ஸ் கூட மறக்கல. என்னாடான்னா, "பாப்பாவ ஆந்த வீட்டுல விட்டுட்டு வந்துரலாம்மா". நம்ம செம்பனைக் காட்டுல எலி புடிக்க ஆந்தைக்குப் பொட்டி வச்சிருக்காங்கல்ல கம்பு மேல, அதான். ஆந்த எலியத்தான் திங்கும் பாப்பாவ திங்காது, தாத்தா சொல்லிட்டாருன்னு கேரண்டி வேற. வெளக்கமாத்த கையில வச்சிக்கிட்டு திட்ட வாயத் தொறக்குறேன், சிரிப்புதான் வருது. அந்தப் பொட்டிக்குள்ள அவ தலையே நொழையாதுடான்னேன். கொஞ்சம் யோசிச்சிட்டு, "அப்ப பெரிய ஆந்த எங்கம்மா இருக்கு?"

பீடோர் கொய்யா:
பெரிய ஆந்த எங்க வீட்டுல இருக்கு, என் மாமியாரு, ராத்திரி பூரா தூங்காது 😂
எனக்கு தெலுக் இந்தான் சாஞ்ச கோபுரத்துல ஆச்சு. 1885ல கட்டுனது, வெளிய பாத்தா எட்டு மாடி மாதிரி தெரியும் உள்ள மூணுதான், இதெல்லாம் மவனுக்குச் சொல்லி ஃபோட்டோ எடுக்கலாம்னு பாத்தா, இவன் ஓடிப்போயி ரெண்டு கையாலயும் செவுத்த முட்டுக்கொடுத்து நிக்கிறான். வாடான்னா வரல, "நான் விட்டா விழுந்துரும்பா"ன்னு ஒரே அழுவ. மழ வேற தூற ஆரம்பிச்சிருச்சி, மவ ஒன்னுக்குன்னு குதிக்கிறா, வீட்டுக்காரி என்னைய மொறைக்கிறா, இவன தூக்குனா எல்லாரும் பாக்குற மாதிரி கத்துறான். அப்ப ஒரு சீன அங்கிள் கொடைய மடக்கி கக்கத்துல வச்சிக்கிட்டு வந்து பக்கத்துல நின்னு செவுத்துல கைய வச்சாரு. "லு பாலிக் டுலு, அங்கிள் பெகாங்", நீ மொதல்ல வீட்டுக்குப் போ, அங்கிள் புடிச்சிக்கிறேன்னு மலாய்ல. அவ்ளோதான், இவன் கைய எடுத்துட்டு காடியில வந்து ஏறிட்டான். நாங்க கெளம்புற வரைக்கும் அந்த மனுசன் கைய எடுக்கல.

ஓய்வு டீச்சர்:
எங்க பேத்தியும் நேத்து என் பல்செட்ட மீன் தொட்டியில போட்டுட்டா. அது இருக்கட்டும். முதல் பதிவு போட்ட அம்மா, எச்எஃப்எம்டிக்கு சானிடைசர் மட்டும் பத்தாது, சோப்பு போட்டு தண்ணியில கழுவணும், பம்பர்ஸ் மாத்துனதும் கண்டிப்பா. வெளையாட்டுச் சாமான கிளோரக்ஸ் (பிளீச்) கலந்த தண்ணியில தொடைங்க. வாய்ப்புண்ணு இருந்தா புளிப்பு, காரம் வேணாம், ஆறுன கஞ்சி குடுங்க, தண்ணி குடிக்காம ஒன்னுக்கும் போகலைன்னா காத்திருக்காதீங்க, கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போங்க. அப்பறம் வீட்டுல இருக்குறாங்கன்னு கையில ஃபோன குடுக்காதீங்க, உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லிருச்சி, ரெண்டுலேர்ந்து நாலு வயசு வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்கிரீன் கூடாது, ஒரு வயசுக்குக் கீழ சுத்தமா வேணாம். மூணு நாலு வயசுப் புள்ளைங்க பத்துலேர்ந்து பதிமூணு மணி நேரம் தூங்கணும், மத்தியானத் தூக்கத்தையும் சேத்துதான்.

கூலிம் அக்கா:
டீச்சர், அந்தப் புள்ள வீட்டுல தண்ணியே இல்லைங்குது, நீங்க தொடைங்க கழுவுங்கன்னு பாடம் எடுக்குறீங்க 🙄 பல்செட்டு கதைய முழுசா சொல்லுங்க, மீனு என்னா ஆச்சி? புள்ளைங்கள ஆயா கொட்டாய்ல பாத்துக்கச் சொல்லி விட்டுட்டு வெடியகாலையில ரப்பர் பால் வெட்டப் போன நம்ம அம்மாங்க எந்த கணக்கப் பாத்தாங்க, சொல்லுங்க.

ஸ்கிரீன்னதும் ஞாபகம் வருது. எங்க வீட்டுக்காரரு சிங்கப்பூர்ல வேல, வீடியோ கால்லதான் மவளப் பாப்பாரு. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல், அவரு அந்தப் பக்கம் "அப்பா இன்னும் சாப்புடலடா"ன்னு சும்மா சொல்லி வச்சிருக்காரு. இவ தோசைய பிச்சி சட்னியில முக்கி ஃபோனுக்கு ஊட்டுறா, அவரும் ஆ ஆன்னு வாயத் தொறந்து காட்டுறாரு, ஸ்கிரீன்ல போகலைன்னதும் சார்ஜர் ஓட்டையில திணிச்சிட்டா. ஃபோன் செத்துப்போச்சி. காய்ச்சலோட டவுனுக்குப் போனா, ஹேண்ட்ஃபோன் கடப் பையன் ஊசிய வச்சி நோண்டி எதையோ எடுத்து டிஷ்யூ மேல வச்சிக் காட்டுறான். கடுகு. காசு வேணாங்க்கான்னுட்டு, தேங்கா சட்னியா தக்காளி சட்னியான்னு கேட்டான்.