அம்மா கீரையை நிறுத்திய மூன்று கிழமை

வெள்ளவத்தை மகள்:
அம்மாவுக்கு இதயத்தில் உலோக வால்வு போட்டு ஒன்பது வருஷம். சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலின் மிச்சம் அது. வால்வில் இரத்தம் கட்டி பிடிக்காமல் இருக்க ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு வார்பரின் குளிசை. இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். (எண் கூடினால் உறைவது மெது) 2.5 க்கும் 3.5 க்கும் இடையில் நிற்கவேண்டும் என்று கிளினிக் கொப்பியில் எழுதி வட்டம் போட்டிருக்கிறார்கள். அநேகமாக 2.8, 3.1 என்று ஒழுங்காகத்தான் வரும்.

போன வருஷம் கோயிலில் கண்ட ஒரு அன்ரி, "வார்பரின் குடிக்கிற ஆக்கள் கீரையைத் தொடவே கூடாது" என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி, முருங்கையிலை வறை என்று கிழமையில் நாலு நாளாவது ஏதோ ஒரு இலை இருக்கும். அம்மா அன்றோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. மூன்றாம் கிழமை பல் தீட்டும்போது முரசில் இரத்தம். அடுத்த நாள் முழங்கைக்குக் கீழே உள்ளங்கையளவு கண்டல், எங்கேயும் அடிபடாமலே. இரத்தம் சோதித்தால் ஐ.என்.ஆர். 6.4.

கிளினிக்கில் இளம் டொக்டர் ஒருவர் கொப்பியின் பின் அட்டையில் படம் கீறி விளங்கப்படுத்தினார். வீட்டுக்கு வந்து அதையே அம்மாவுக்கு இடியப்பத் தட்டை வைத்துச் சொன்னேன். இரத்தத்தை உறையவைக்கும் சில புரதங்களைச் செய்துமுடிக்க ஈரலுக்கு விற்றமின் கே வேண்டும். ஒருதரம் வேலைசெய்த விற்றமின் கே, அவித்து இறக்கிய தட்டு மாதிரி. கழுவி எடுத்தால்தான் அடுத்த ஈட்டுக்கு உதவும். கழுவுகிற ஆள் ஒரு நொதியம். பெயர் விற்றமின் கே எபொக்சைட் ரிடக்டேஸ். வார்பரின் அந்த ஆளின் கையைக் கட்டிவைக்கிறது. கீரை சாப்பிட்டால் கடையில் புதுத் தட்டு வாங்கிவந்த கணக்கு. அம்மாவின் குளிசை அளவு, அவர் வழக்கமாக வாங்கிவரும் புதுத் தட்டுகளையும் சேர்த்துப் பார்த்து வைத்தது. அவர் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார், கழுவவும் ஆளில்லை. பிறகென்ன?

இரண்டு நாள் குளிசையை நிறுத்தச் சொன்னார்கள், திரும்பச் சோதித்துப் பார்த்துத்தான் தொடங்கினோம். கீரை சாப்பிடலாம், ஆனால் கிழமைக்குக் கிழமை ஏறக்குறைய ஒரே அளவு. இது வேறு யாருக்கும் நடந்ததா?

கொட்டாஞ்சேனை:
எங்களுக்குக் கீரையால் இல்லை அக்கா, பல்லால். அப்பாவுக்கு இதயத்துடிப்பு ஒழுங்கில்லை, அதற்கு வார்பரின். பல் வீங்கினபோது ஒரு பார்மசியில் கேட்டு மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்து வாங்கிப் போட்டார். வேறென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று அவர்களும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனது. உடனே கொண்டு ஓடினோம். வார்பரினைச் சிதைக்க ஈரலில் வேறொரு நொதியம் இருக்கிறதாம். மெட்ரோனிடசோல் அதை மந்தமாக்க, வார்பரின் உடம்பில் தேங்கிவிட்டது. இப்போது பல் டொக்டரிடம் போனாலும் அப்பா முதலில் கொப்பியைத்தான் நீட்டுவார்.

ஆய்வுகூடத்தில் வேலை:
ஐ.என்.ஆர். பார்க்க எடுக்கும் நீல மூடிக் குழாயில் இரத்தம் காணாது என்று நாங்கள் திரும்ப ஊசி குத்தக் கேட்டால் சண்டைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் குழாயில் சிட்ரேட் இருக்கிறது, ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு. அது கல்சியத்தைப் பிடித்துவைப்பதால் இரத்தம் உறையாது. பிறகு நாங்கள் கல்சியத்தையும் உறையத் தூண்டும் பொருளையும் சேர்த்து, எத்தனை செக்கனில் உறைகிறது என்று பார்ப்போம். இரத்தம் கோட்டுக்குக் கீழே நின்றால் சிட்ரேட் கூடிப்போய், ஐ.என்.ஆர். பொய்யாக உயர்ந்து காட்டும். அதை நம்பிக் குளிசையைக் குறைத்தால் வால்வில் கட்டி பிடிக்கலாம். ஒரு குத்தோடு போகட்டுமே.

தெஹிவளைத் தம்பி:
இந்த வார்பரின் எலிப்பாஷாணம்தானே? எங்கள் அம்மம்மா அதைக் கேட்டுவிட்டு ஒரு மாதம் குளிசையைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தார்.

ஆய்வுகூடத்தில் வேலை:
எலிக்குப் போட்டது உண்மை. 1920களில் வட அமெரிக்காவில் பூஞ்சணம் பிடித்த ஒருவகைத் தீவனச் செடியைத் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்கின் குழு அதிலிருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அந்த வழியில் வந்த வார்பரின் 1948 இல் எலிக்கு, 1954 இல் மனிதருக்கு. அடுத்த வருஷம் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கும் அதையே கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அது கையைக் கட்டிப்போடும் நொதியத்தின் மரபணு பிடிபட்டது 2004 இல்தான். தம்பி, தலையணைக்குக் கீழே இப்பவும் ஒருக்கால் பாருங்கள்.

வெள்ளவத்தை மகள்:
எலிக் கதையை அம்மாவுக்குச் சொல்லப்போவதில்லை! நேற்று மச்சாள் வீட்டில் முருங்கையிலை வறையை இரண்டாம்தரம் போட வந்தார்கள். அம்மா கோப்பையைக் கையால் மூடிக்கொண்டு, "போதும் பிள்ளை, இந்தக் கிழமைக்கு என்ர தட்டுக் கணக்கு முடிஞ்சுது" என்றார். மச்சாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.