முன்கவை கையேடு: ‘ப்ரீலோட்’ முன்சுமையா, முன்னிறுக்கமா, வேறொன்றா?

வணக்கம்.

முன்கவையை (மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்) பிரித்துச் சுருளும் எண்ணெயும் மாற்றுவதற்கான பட்டறைக் கையேடு ஒன்று தமிழில் வரைவு நிலையில் இருக்கிறது. மாதிரி வண்டி ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650. குழாய் 41 மிமீ, ஓட்டம் (கவை அமுங்கக்கூடிய முழுத் தூரம்) 110 மிமீ. வெளியிலிருந்து திருகி மாற்ற இதில் எதுவும் கிடையாது. எது செய்தாலும் மூடியைக் கழற்றித்தான் செய்ய வேண்டும். வரைவில் இப்போதுள்ள சொற்கள்: ப்ரீலோட் – முன்சுமை, சேக் – தொய்வு, ஸ்பிரிங் ரேட் – சுருள்வில் மாறிலி, ஆயில் லெவல் – எண்ணெய் மட்டம். (ஃபோர்க்குக்குக் கணினி மொழிபெயர்ப்பு ‘முட்கரண்டி’ என்றது. கவைதான் சரி என்று அதை மட்டும் நாங்களே முடிவு செய்துவிட்டோம்.) மற்றவை பொருந்துமா?

———

ஐயா, நான்கில் ஒன்றுகூட அப்படியே நிற்காது என்று நினைக்கிறேன். முதலில் ‘முன்சுமை’.

மெக்கானிக் இங்கே எதை அளக்கிறார்? கிலோவை அல்ல, மில்லிமீட்டரை. கவை முழுதாக நீண்டு நிற்கும்போதே சுருள் தன் இயல்பு நீளத்திலிருந்து எத்தனை மிமீ சுருங்கி உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் ப்ரீலோட். அவர் வெட்டுவது சுருளுக்கு மேலே வைக்கும் ஸ்பேசர் குழாயை. ‘முன்சுமை 15’ என்று எழுதினால் 15 கிலோவா என்று கேட்பார். பேரிங்குக்கு வரும் ப்ரீலோடை முன்சுமை என்பதில் தவறில்லை, அங்கே பேச்சு விசையைப் பற்றியது. ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒரே சொல்லோடு நிற்க வேண்டியதில்லை.

இன்னொரு தொல்லை ‘முன்’. முன்சக்கரம், முன்பிரேக், முன்கவை என்று வரிசையாகப் படித்துவருகிறவர் ‘முன்சுமை’யை வண்டியின் முன்பக்கச் சுமை என்றுதான் எடுத்துக்கொள்வார். பின் ஷாக் பற்றிய பகுதியில் ‘பின்பக்க முன்சுமை’ என்று எழுதிப் பாருங்கள், புரியும்.

‘தொய்வு’ ஏற்கெனவே செயினுக்குப் போய்விட்டது. பட்டறையில் தொய்வு என்றால் செயின் தொங்கல்தான். வண்டி தன் எடையிலும் ஓட்டுநர் எடையிலும் கீழே இறங்குவதற்கு ‘அமிழ்வு’ என்று வைக்கலாம். வண்டி எடையில் மட்டும் இறங்கினால் தன்னமிழ்வு, ஆள் ஏறியபின் ஆளமிழ்வு.

சுருள்வில் மாறிலி பள்ளிப் பாடத்துக்குச் சரி. கவையில் பல வண்டிகளுக்கு ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் சுற்றிய சுருள் வருகிறது. அமுங்க அமுங்க நெருக்கமான சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி வேலையிலிருந்து விலகும். மிச்சச் சுற்றுகள் குறையக் குறைய மிமீக்கு வேண்டிய விசை ஏறும். மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை மாறிலி என்பதா? ‘சுருள் விறைப்பு’ போதும்.

———

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். ‘முன்னழுத்தம்’, ‘முன்னமுக்கம்’ என்று யாராவது முன்மொழியுமுன் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் அழுத்தம் என்பதை எங்கள் பாடநூல்களில் அமுக்கம் என்போம். இரண்டும் பாஸ்கலில் அளக்கும் ஒரே கணியம்தான். கவைக்குள் உண்மையிலேயே காற்றின் அமுக்கம் இருக்கிறது. சில பழைய மொடல்களின் மூடியில் காற்றடிக்கும் வால்வே உண்டு. ஆகவே அந்த இரண்டு சொற்களையும் அங்கேயே விட்டுவிட்டால் நல்லது, இல்லாவிட்டால் படிப்பவர் காற்றுப் பம்பைத் தேடுவார்.

———

அண்ணா, இவ்வளவு சுற்றவேண்டியதில்லை. பட்டறையில் ‘ஸ்பிரிங்கை டைட் வை’ என்கிறார்கள். ‘முன்னிறுக்கம்’ என்று வைத்துவிட்டுப் போகலாமே? ஸ்பேசரை நீட்டி வைத்தால் வண்டி கடினமாகத்தானே தெரிகிறது?

———

தெரிவது உண்மைதான் தம்பி. காரணம் வேறு. ‘இறுக்கம்’ வேண்டாம் என்பதும் அதனால்தான்.

கணக்கோடு பார்ப்போம். ஒரு காலுக்கு மிமீக்கு 0.7 கிலோ விறைப்புள்ள சுருள். இரண்டு காலுக்கும் சேர்த்து 1.4. ஆள் ஏறியபின் கவை தாங்கும் எடை 80 கிலோ என்று வையுங்கள். 20 மிமீ சுருக்கி வைத்தால் முதல் 28 கிலோவரை கவை அசையாது. மிச்சம் 52 கிலோவுக்கு 37 மிமீ அமிழும். இதையே 30 மிமீ ஆக்கினால் முதல் 42 கிலோ அசையாது, அமிழ்வு 27 மிமீ. பத்து மிமீ சுருக்கினோம், வண்டியின் மூக்கு பத்து மிமீ உயர்ந்தது.

இப்போது பிரேக் பிடிக்கிறோம். முன்பக்கம் இன்னும் 60 கிலோ ஏறுகிறது. இரண்டிலும் கவை மேற்கொண்டு இறங்குவது அதே 43 மிமீதான், சுருளின் விறைப்பு மாறவே இல்லை. பத்து மிமீ உயரத்தில் தொடங்கியதால் பத்து மிமீ உயரத்தில் முடிகிறது, அவ்வளவே. கடினமாகத் தெரிவது அந்தத் தொடக்க 42 கிலோவால். சின்னக் குழியில் கவை அசையத் தயங்கும், பள்ளத்தில் சக்கரம் இறங்க இடமில்லாமல் மேலே ‘டக்’ என்று தட்டும். ‘பிரேக் பிடித்தால் மூக்கு குத்துகிறது, டைட் வை’ என்று சொல்லித்தான் பலர் இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது விறைப்பான சுருள்.

0.9 சுருளைப் போட்டால் இரண்டு காலுக்கு 1.8. ஆளமிழ்வை 31 மிமீயில் நிறுத்த அதற்குச் சுருக்கம் 13 மிமீ போதும், 0.7 சுருளுக்கு அதே அமிழ்வுக்கு 26 வேண்டியிருந்தது. பிரேக்கில் இறங்குவது 43-லிருந்து 33 மிமீ ஆகும். விறைப்பு ஏற, சுருக்கம் பாதியாகக் குறைகிறது. ‘முன்னிறுக்கம்’ என்று பெயர் வைத்தால் இந்த இரண்டும் ஒன்று என்றுதான் தோன்றும்.

என் முன்மொழிவு: ‘முற்சுருக்கம்’. முற்பகல், முற்பணம் என்பதில் உள்ள ‘முற்’ நேரத்தைக் காட்டும், முன்சக்கரத்தோடு குழம்பாது. சுருக்கம் என்றதும் அளவு மிமீ என்பது தானே வந்துவிடும்.

———

முற்சுருக்கம் எனக்குச் சம்மதம். முற்பணம் இங்கேயும் எல்லோருக்கும் விளங்கும் சொல்.

எண்ணெய் மட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையேடுகளில் ‘ஆயில் லெவல் 130 மிமீ’ என்று வருவது எண்ணெயின் உயரம் அல்ல. சுருளை வெளியே எடுத்து, குழாயை அடிவரை இறக்கி வைத்து, குழாயின் விளிம்பிலிருந்து எண்ணெயின் மேற்பரப்புவரை அளக்கும் காலி இடம். எண் கூடினால் எண்ணெய் குறைவு. ‘எண்ணெய் மட்டம் 130’ என்று தமிழில் எழுதினால் அடியிலிருந்து 130 மிமீ உயரத்துக்கு ஊற்றுபவர் கட்டாயம் இருப்பார். ‘மட்டத்தை 10 மிமீ உயர்த்து’ என்றால் எண்ணைக் கூட்டுவதா குறைப்பதா? ‘காற்றிடம்’ என்று பாவித்தால் இந்தப் பிழை வராது: காற்றிடம் 130 மிமீ, காற்றிடத்தை 120 ஆகக் குறைக்கவும்.

———

அருமை. காற்றிடம் இன்னொரு வகையிலும் பொருத்தம். அடைபட்ட அந்தக் காற்றும் ஒரு சுருள்தான்.

குழாயின் வெளிவிட்டம் 41, உள்விட்டம் 37 மிமீ என்று வைத்துக்கொண்டு, சுருளும் ஸ்பேசரும் பிடிக்கும் இடத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், காற்றிடம் 130 மிமீயில் கவை அடிவரை அமுங்கும்போது ஒரு காலில் காற்று தரும் எதிர்விசை சுமார் 139 நியூட்டன். காற்றிடத்தை 110 ஆக்கினால் 164. பாதி ஓட்டத்தில் இதே மாற்றம் 46-ஐ 51 ஆக்குகிறது. நடுவில் 5 நியூட்டன், அடியில் 25. கவை அடியில் முட்டுகிறது, மற்றபடி வண்டி ஓடும் விதம் பிடித்திருக்கிறது என்பவருக்குச் சுருளைத் தொடாமல் காற்றிடத்தை மட்டும் குறைத்தால் போதும் என்பது இதனால்தான். ஐந்து ஐந்து மிமீயாகக் குறைக்க வேண்டும். எல்லை மீறினால் காற்று நெரிந்து ஆயில் சீலை வெளியே தள்ளும்.

எண்ணெயின் பெயரிலும் எச்சரிக்கை வேண்டும். டப்பாவில் 10டபிள்யூ என்று இருப்பதை நம்பி வாங்கக்கூடாது. ஒரு நிறுவனத்தின் 10டபிள்யூ 40 டிகிரி செல்சியஸில் 33 சென்டிஸ்டோக்ஸ் (எண்ணெயின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) அளவில் இருக்கும், இன்னொன்றின் 10டபிள்யூ 47-ஐத் தொடும். எண்ணெயை மாற்றுமுன் தரவுத்தாளில் அந்த 40 டிகிரி எண்ணைப் பார்த்து ஒப்பிட வேண்டும். அந்தத் தன்மைக்குக் கையேட்டில் ‘பிசுக்குமை’ என்ற பாடநூல் சொல்லையே வைக்கலாம். ‘கெட்டி எண்ணெய்’ என்று பேச்சில் சொல்வது சரி, எண் தரும் இடத்தில் போதாது.

———

டேம்பிங்குக்கு (கவையின் அசைவை எண்ணெய் தடுத்து அடக்குவது) ‘தணிப்பு’ என்று வைத்திருக்கிறோம். கவை அமுங்கும்போது அமுங்கு தணிப்பு, நீளும்போது மீள் தணிப்பு. சரியா?

———

சரிதான். ஆனால் துளைத் தண்டு (எண்ணெய் புகுந்து போகத் துளையிட்ட உள்தண்டு) உள்ள எளிய கவையில் இரண்டையும் தனித்தனியே மாற்றலாம் என்று படிப்பவர் நினைத்துவிடக் கூடாது. அமுங்கும்போது எண்ணெய் தண்டின் அடித்துளைகள் வழியாகவும், நீளும்போது மேலேயுள்ள சிறு துளை வழியாகவும் போகிறது. கெட்டி எண்ணெய் ஊற்றினால் இரண்டும் சேர்ந்தே கூடும். துளையின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், மெதுவான அசைவில் தணிப்பே இல்லாதது போலவும், கூர்மையான குழியில் கம்பி அடித்தது போலவும் இருக்கும். தணிப்பு வால்வை மாற்றிப் பொருத்துபவர்கள் அடித்துளைகளைப் பெரிதாக்கிவிட்டு, அமுங்கு தணிப்பை மட்டும் சுருள் அழுத்தும் ஒரு வால்வுக்கு ஒப்படைக்கிறார்கள். வழக்கம் 8 மிமீயில் ஆறு துளை. மீள் தணிப்பு அப்போதும் எண்ணெய் கையில்தான். ஆகையால் மீளும் வேகத்துக்கு ஏற்ற எண்ணெயைத் தேர்ந்து, அதன்பின் வால்வைத் திருகுவது என்ற வரிசை மாறக்கூடாது.

———

ஒத்துக்கொண்ட சொற்களை வைத்து ஒரு பகுதியை எழுதிப் பார்த்தோம். இடறும் இடம் இருந்தால் சொல்லுங்கள்.

“முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கவை முழுதாக நீண்டிருக்கும்போது தூசி சீலின் மேல்விளிம்பிலிருந்து கீழ் டி-யின் (இரு கவைக் கால்களையும் சேர்த்துப் பிடிக்கும் கீழ்ப் பிடிப்பான்) அடிவரை அளக்கவும். எடுத்துக்காட்டாக 150 மிமீ. ஓட்டுநர் முழு உடையோடு ஏறி உட்காரட்டும். ஒருவர் வண்டியை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். கைப்பிடியை அமுக்கி மெதுவாக விட்டு அளக்கவும்: 116. அதன்பின் கைப்பிடியைத் தூக்கி மெதுவாக இறக்கி அளக்கவும்: 122. சராசரி 119. ஆளமிழ்வு 150-லிருந்து 119 போக 31 மிமீ. 110 மிமீ ஓட்டத்துக்கு 30 முதல் 35 மிமீ ஏற்றது.

முற்சுருக்கத்தை மாற்ற: கவைக் கால் வண்டியில் இருக்கும்போதே மேல் டி-யின் இறுக்கு போல்ட்டைத் தளர்த்தி, அதன்பின் மூடியைத் தளர்த்தவும். காலைக் கழற்றியபின் மூடியைத் தளர்த்த முயன்றால் குழாயைப் பிடிக்க வழியின்றிக் கீறல் விழும். கடைசிப் புரிகளில் சுருள் மூடியைத் தள்ளும். முகத்தை விலக்கி, மூடியைக் கீழே அமுக்கிக்கொண்டே திருகவும். காலை நீட்டி நிறுத்தி, சுருளையும் வாஷரையும் உள்ளே விட்டு, குழாய் விளிம்பிலிருந்து வாஷர்வரை உள்ள ஆழத்தை அளக்கவும் (128). மூடி குழாய்க்குள் இறங்கும் நீளத்தைக் கழிக்கவும் (22). வேண்டிய முற்சுருக்கத்தைக் கூட்டவும் (15). ஸ்பேசர் நீளம் 121 மிமீ. தடித்த சுவருள்ள பிவிசி குழாயைச் செங்குத்தாக வெட்டி, பிசிறு நீக்கி, இரு முனையிலும் வாஷர் வைக்கவும். வாஷர் இல்லாவிட்டால் சுருள் பிவிசியைக் கடித்துத் துகளாக்கும், துகள் எண்ணெய்த் துளையை அடைக்கும்.”

———

நன்றாக வந்திருக்கிறது. இரண்டு திருத்தம்.

முதல் பத்தியில் 116-க்கும் 122-க்கும் இடையிலுள்ள 6 மிமீயை அப்படியே விட்டுவிட்டீர்கள். அது கவையின் ‘பிடிப்பு’, பட்டறையில் ‘ஃபோர்க் பிடிக்குது’ என்பார்களே அது. உராய்வு என்று எழுதுவதைவிட இதையே கலைச்சொல்லாக எடுத்துக்கொள்ளலாம். பத்து மிமீக்கு மேல் போனால் சுருளை மாற்றிப் பயனில்லை, அமிழ்வு அளவே நம்பத்தக்கதல்ல என்று சேர்க்கவும். குழாய் வளைந்திருக்கலாம், புஷ் தேய்ந்திருக்கலாம். பெரும்பாலும் காரணம் அதைவிட எளியது: சக்கரத்தை மாட்டும்போது இரண்டு கால்களும் இணையாக நிற்கவில்லை.

இரண்டாவது, அதனால் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: “அச்சை முறுக்கியபின், அச்சின் இறுக்கு போல்ட்டை முறுக்குமுன், முன்பிரேக்கைப் பிடித்துக் கவையை நாலைந்து முறை அமுக்கி விடவும். கால்கள் தாமாக நேராகும். அதன்பின் இறுக்கு போல்ட்டை முறுக்கி, பிடிப்பை மீண்டும் அளக்கவும்.”