எங்கள் ஊருக்கு இருபது வருஷத்துக்கான பூங்கா, நடைபாதைத் திட்டம்: எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

குட்டைக்கரை:
எல்லோருக்கும் வணக்கமுங்க. அவிநாசிக்கும் அன்னூருக்கும் நடுவில் இருக்கிற ஒரு ஊராட்சி எங்களுடையது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஊரைச் சுற்றிச் சோளக்காடும் பருத்திக்காடும்தான். இப்போது எந்தப் பக்கம் பார்த்தாலும் சைட் கல் நட்டிருக்கிறார்கள். பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் லைன் வீடுகளில் நெருக்கமாகக் குடியிருக்கிறார்கள், அவர்கள் குழந்தைகள் விளையாடுவதெல்லாம் லாரி போகிற ரோட்டில்தான். போன மாதம் ஒரு பையனுக்குக் கால் முறிந்தது, அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

அத்திக்கடவு திட்டத்தில் பவானி ஆற்றுத் தண்ணீர் வருகிற 1045 குளம் குட்டைகளில் எங்கள் குட்டையும் ஒன்று. 2024 ஆகஸ்டில் திட்டம் தொடங்கிய பிறகு அதில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துப் பெரியவர்கள் சிலர் கண் கலங்கினார்கள். சரி, இப்போதே எதையாவது செய்யலாம் என்று நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்திருக்கிறோம். குட்டையைச் சுற்றி நடைபாதை, ஒரு சிறுவர் பூங்கா, திறந்தவெளி ஜிம், இப்படி ஒரு திட்டம் எழுதி அடுத்த கிராம சபையில் தீர்மானமாக வைக்க நினைக்கிறோம். கொஞ்சம் பணம் நன்கொடையாகவும் வரும். எதை முதலில் கேட்பது, எதைக் கேட்கவே கூடாது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்க.

நிலஅளவைக்காரன்:
தம்பி, ஜிம் சாமான் எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். இடம் போனால் திரும்பி வராது. அதனால் முதல் வேலை, ஊருக்குச் சொந்தமான இடம் எதெது என்று ஒரு படத்தில் குறிப்பது. எந்த சர்வே நம்பர் யாருடையது, என்ன வகை என்று சொல்கிற அ-பதிவேடும், ஒவ்வொரு நம்பரின் அளவு வரைபடமான எஃப்எம்பியும் ஆன்லைனிலேயே பார்க்கலாம். ஓடை, குட்டை, வண்டிப்பாதை, மேய்ச்சல் என்று எழுதியிருக்கிற புறம்போக்கு சர்வே நம்பர் ஒன்றுவிடாமல் எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக நடந்து போய் நேரில் பாருங்கள். பாதி இடத்தில் யாராவது வேலி போட்டிருப்பார்கள், அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம்.

அடுத்தது ரிசர்வ் சைட், அதாவது லேஅவுட்டில் பொது உபயோகத்துக்கு ஒதுக்குகிற இடம். நம் மாநிலத்தின் 2019 கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேல் லேஅவுட் போட்டால், ரோடு போக மீதி இடத்தில் பத்தில் ஒரு பங்கை பூங்கா, விளையாட்டிடத்துக்காக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். 3,000 சதுர மீட்டர் வரை அந்தக் கட்டாயம் இல்லை. நடுவில் இருக்கிறவர்கள் இடமாகக் கொடுக்கலாம், இல்லையென்றால் அதற்கான மதிப்பைப் பணமாகக் கட்டலாம். உங்கள் ஊரில் இத்தனை லேஅவுட் வந்திருக்கிறது என்றால் ரிசர்வ் சைட்டும் அத்தனை இருக்க வேண்டும். எது ஊராட்சி பேரில் பதிவாகியிருக்கிறது, எதில் புதர் மண்டியிருக்கிறது, எதில் கட்டடம் வந்துவிட்டது என்று எழுதி, அந்தப் பட்டியலைக் கிராம சபையில் சத்தமாக வாசியுங்கள். எங்கள் பகுதியில் இதைச் செய்யாமல் விட்டுவிட்டோம். நாங்கள் பந்து விளையாடிய ரிசர்வ் சைட்டில் இன்றைக்கு ஒரு குடோன் நிற்கிறது. பதினைந்து வருஷமாகியும் அந்த வழியாகப் போனால் எனக்கு வயிறு எரிகிறது.

குட்டை யார் பொறுப்பு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (அதிலிருந்து பாசனம் பெறுகிற நிலம்) இருந்தால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். யாரிடம் மனு கொடுப்பது என்பது அதிலேயே முடிவாகிவிடும்.

கிளுவைவேலி:
காங்கேயம் பக்கமிருந்து எழுதுகிறேன். நடைபாதை என்றதும் எல்லோரும் குட்டையைச் சுற்றி வட்டம் போடுகிறார்கள். உங்கள் ஊரில் இட்டேரி எதுவும் மிச்சமில்லையா? தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவில், இரண்டு பக்கமும் கிளுவையும் கள்ளியும் வேலாமரமும் உயிர்வேலியாக நின்று, பிரண்டையும் கோவைக்கொடியும் ஏறிப் படர்ந்த வண்டித்தடம். ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு, கோயிலுக்கு, சந்தைக்கு நம் ஆட்கள் நடந்தது அதில்தான். பச்சை வழித்தடம் என்று இன்றைக்குப் புதிதாகப் பேசுவது நம் பாட்டன் காலத்திலேயே இருந்தது. காடையும் கௌதாரியும் கீரியும் குடியிருந்ததும் அந்த வேலிக்குள்தான்.

இப்போது நடப்பது என்னவென்றால், ரோடு அகலப்படுத்துகிறோம் என்று ஜேசிபியை விட்டு ஒரே நாளில் இரண்டு பக்க வேலியையும் வழித்துவிட்டுக் கம்பி வேலி போடுகிறார்கள். ஒரு கிளுவை வேலி அடர்ந்து வருவதற்கு எத்தனை வருஷம் ஆகும் என்று மாடு மேய்க்கிறவரைக் கேளுங்கள். நான் சின்ன வயதில் எங்கள் அப்பாருவோடு நடந்த இட்டேரி ஒன்றுகூட இன்றைக்கு முழுசாக இல்லை.

ஆகவே உங்கள் திட்டத்தில் மிச்சமிருக்கிற இட்டேரிகளையும், பள்ளம் என்று நாம் சொல்கிற ஓடையின் ஓரத்தையும் சேருங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து குட்டைக்கு, குட்டையிலிருந்து கோயிலுக்கு, அங்கிருந்து புது லேஅவுட்டுக்கு மெயின் ரோட்டில் ஏறாமல் ஒரு குழந்தை நடந்து வர முடிய வேண்டும். மண் தடமாகவே இருக்கட்டும், வண்டியும் மாடும் போகிற வழியை அடைக்க வேண்டாம். இன்னொன்று, இரண்டு பக்கத் தோட்டக்காரர்களிடமும் முதலிலேயே போய் உட்கார்ந்து பேசிவிடுங்கள். வழி என்ற பேச்சு வந்தாலே நம் ஊரில் பங்காளிச் சண்டை வரைக்கும் போகும். "இருக்கிற தடத்துக்கு மேல் ஒரு அடிகூடக் கேட்கவில்லை, உங்கள் வேலியைத் தொட மாட்டோம்" என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஒன்பதுமணிஷிப்ட்:
நான் திருப்பூர், கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். பெண்கள் பக்கமிருந்து சொல்கிறேன் அண்ணா. காலையில் ஐந்தரைக்கு விட்டால் எங்களுக்கு நடக்க நேரம் கிடையாது, ராத்திரி வேலை முடிந்து வர எட்டு, ஒன்பது ஆகிவிடும். வெளிச்சம் இல்லாத, ஆள் நடமாட்டம் இல்லாத பாதையை எவ்வளவு அழகாகப் போட்டாலும் நாங்கள் வர மாட்டோம். கழிப்பறை கட்டினால் போதாது, கழுவுவதற்கு யார், சாவி யாரிடம், தண்ணீர் எங்கிருந்து என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள். எங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு பூங்காவில் கழிப்பறை கட்டி, திறந்து வைத்த நாளோடு பூட்டினார்கள்.

அப்புறம், வள்ளி கும்மி கற்றுக்கொள்ள இப்போது ஊருக்கு ஊர் ஆட்கள் சேர்கிறார்கள், ஐம்பது நூறு பேர் வட்டமாக நின்று ஆட வேண்டும். பூங்கா என்று சொல்லி இடம் முழுக்கப் புல்தரையும் சிலையும் வைத்துவிட்டால் அதற்கு எங்கே போவது? ஒரு பெரிய வெற்றிடத்தை மேடு பள்ளமில்லாமல் அப்படியே விடுங்கள். பகலில் பையன்கள் கபடி, வாலிபால் ஆடட்டும், சாயங்காலம் கும்மி. லைன் வீட்டில் இருக்கிற வடநாட்டுப் பெண்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். அவர்கள் குழந்தைகளும் அங்கேதான் வளர்கிறார்கள்.

நாமக்கோழி:
கோவையிலிருந்து, பறவை பார்க்கிற ஆள். குட்டைக் கரையை மட்டும் சிமென்டால் பூசிவிடாதீர்கள், கையெடுத்துக் கேட்கிறேன். சாய்வான மண் கரையும் ஓரத்துச் சேறும் கோரையும் இருந்தால்தான் நாமக்கோழியும் உள்ளானும் நிற்கும். திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022ல் பறவைகள் சரணாலயமாகி 2024ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலுக்கு வந்தது, ஈரோடு பக்கத்து வெள்ளோடு குளம் அதற்கு முன்பே வந்துவிட்டது. நம் ஊர்க் குளத்துக்கு அந்தத் தகுதி உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். கரையில் ஒரு பக்கம் மட்டும் பாதை, விளக்கு. எதிர்ப் பக்கம் இருட்டாகவே இருக்கட்டும், அது பறவைக்கு. மேலே அம்மணி கேட்ட வெளிச்சத்துக்கும் இதற்கும் சண்டை வராது, விளக்கை உயரம் குறைத்துத் தரையைப் பார்த்து வைத்தால் போதும்.

பேவர் பிளாக் வேண்டவே வேண்டாம், சித்திரையில் ராத்திரி எட்டு மணிக்கும் அனல் அடிக்கும். எங்கள் கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் இத்தனை பேர் நடப்பது அங்கே இருக்கிற பெரிய மரங்களின் நிழலுக்காகத்தான். புங்கன், வேம்பு, நாவல், பூவரசு, கரையில் பனை. குல்மோகர் வைத்தால் ஆடிக் காற்றில் கிளை முறிந்து யார் தலையிலாவது விழும். ஐப்பசி மழையில் நட்டு, இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் பேர் எழுதிக்கொண்டு நடுங்கள். ஆயிரம் நட்டுப் படம் எடுப்பதைவிட அறுபது மரத்தை வளர்த்துக் காட்டுங்கள்.

குட்டைக்கரை:
எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. நாங்கள் எழுதி வைத்திருந்ததில் முதல் வரியே திறந்தவெளி ஜிம்தான், அதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டோம். நேற்று ராத்திரி உட்கார்ந்து அ-பதிவேட்டைப் பார்த்ததில் வண்டிப்பாதை என்று மூன்று நம்பர் இருக்கிறது, அதில் ஒன்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்து நேராகக் குட்டைக்கு வருகிறது. எங்கள் ஆத்தாவிடம் கேட்டால், "அது நாங்க தண்ணிக்குப் போன தடமாச்சே" என்கிறது. ரிசர்வ் சைட் ஐந்து தேறும் போல, இரண்டுக்குத்தான் பத்திரம் பார்த்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அந்தத் தடத்தில் நடக்கப் போகிறோம். அவிநாசி பக்கம் இருக்கிறவர்கள் வருவதானால் தனிச் செய்தியில் சொல்லுங்கள். நில அளவை தெரிந்த அண்ணா வந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

நிலஅளவைக்காரன்:
வருகிறேன் தம்பி. டேப்பை நான் எடுத்து வருகிறேன், நீங்கள் எஃப்எம்பி நகல் மூன்றையும் பிரிண்ட் எடுத்து வையுங்கள்.