காற்றுக்கு நிற்கும் கோபுரம்: தரம் 9 பிள்ளைகளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

வடலி ரீச்சர்
ஒட்டுசுட்டான் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். 2020 டிசெம்பரில் புரேவி புயல் வந்த இரவு எங்கள் வளவில் முருங்கை முறிந்தது, வாழைகள் சரிந்தன. வேலியோரப் பனைகள் அப்படியே நின்றன. அதை நினைத்துத்தான் இந்தத் தவணை ஒரு செயற்றிட்டம் கொடுத்தேன். ஈர்க்கு, நூல், களிமண் கொண்டு 60 சென்ரிமீற்றர் உயரக் கோபுரம் கட்டி, மேசை விசிறிக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்க வைக்கவேண்டும்.

பிள்ளைகள் அச்சு அசலாகப் பனையையே செய்துகொண்டு வந்தார்கள். காட்போட்டில் ஓலை, களிமண்ணில் நுங்குக் குலைகூட! 7 கோபுரங்களில் 5 விழுந்துவிட்டன. "பனை விழாதுதானே ரீச்சர்?" என்று ஒரு பிள்ளை கண் கலங்கக் கேட்டாள். பனையின் தோற்றத்தை விட்டு, அது காற்றோடு என்ன செய்கிறது என்று பார்க்கவைக்க வழி சொல்லுங்கள்.

மாங்குளம் தச்சன்
ரீச்சர், அறுத்த பனந்துண்டு ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோங்கள். முதிரை, பாலை மரங்களுக்கு வைரம், அதாவது கடினமான பகுதி, நடுவில். பனைக்கு வைரம் வெளிப்பக்கம், நடுவில் மென்மையான சோறு. மரம் வளையும்போது ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் நெரிபடும். இரண்டும் ஓரத்தில்தான் அதிகம், பலமும் அங்கேதான் இருக்கிறது.

20 ஈர்க்கை ஒரே கட்டாகக் கட்டி வளைக்கச் சொல்லுங்கள். பிறகு அதே 20ஐயும் சுருட்டிய கடதாசியைச் சுற்றி அடுக்கி, இடைக்கிடை இறுக்கிக் கட்டி வளைக்கட்டும். கைக்கே வித்தியாசம் தெரியும். அடியையும் பாருங்கள். பனைக்கு ஆணிவேர் இல்லை. எண்ணமுடியாத நார்வேர்கள் சேர்ந்து மண்ணைக் கவ்விப் பிடிக்கின்றன.

மல்லாவியான்
விழுத்தியது அந்தக் காட்போட் ஓலைதான் என்று நினைக்கிறேன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். உண்மையான ஓலை கீற்றுக் கீற்றாகப் பிரிந்து, வளைந்து, காற்றுக்கு வழி விடும். காட்போட் மார்பைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதே அளவு மெல்லிய கடதாசியைக் கீற்றாக வெட்டி ஒட்டிப் பாருங்கள்.

ஒன்று மட்டும், வீடும் பனைபோல ஆடவேண்டும் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது. தகரக் கூரையைக் காற்று மேல்நோக்கித் தூக்கும். அங்கே வேரைத்தான் பார்க்கவேண்டும்: கூரையைச் சுவரோடும், சுவரை அத்திவாரத்தோடும் பிணைக்கவேண்டும்.

வடலி ரீச்சர்
இன்று கடதாசிக் கீற்று ஒட்டினோம். விழுந்த 5இல் 3 நின்றன! மற்ற இரண்டுக்கும் அடிக் களிமண் போதவில்லை என்று அந்தப் பிள்ளையே கண்டுபிடித்தாள். அண்ணை, பனந்துண்டு உங்களிடம் இருக்குமா? வெள்ளிக்கிழமை வந்து எடுக்கிறேன்.